வீட்டுடையவனும் விருந்தாளியும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஸ்தலபுராணம் ஒரு விருந்தின் கதை. சாலிஹோத்திரர் என்னும் முனிவர் ஓராண்டுக் காலம் உபவாசமிருந்து, தை அமாவாசையன்று தாம் சேகரித்த அரிசியை மாவாக்கிப் பகவானுக்கு நிவேதனம் செய்துவிட்டு, அதில் ஒரு பாகத்தை அதிதிக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டு வழிபார்த்திருந்தபொழுது, பசியால் தளர்ந்த கிழப் பிராமணர் ஒருவர் வந்து, ஒதுக்கிய பாகத்தை உண்டபின்பும் பசி தணியவில்லையென்று சொல்ல, முனிவர் தமக்குரிய பாகத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டு மீண்டும் உபவாசத்தில் அமர்ந்தார் என்றும், மறுபடியும் அவ்வாறே வந்து உண்ட அக்கிழவர் படுத்து இளைப்பாற இடம் எவ்வுள் என்று கேட்க, முனிவர் தம் பர்ணசாலையையே காட்டினார் என்றும், அங்கே சயனித்தவர் திருமாலே என்றும் அப்புராணம் கூறும். அந்தக் கேள்வியிலிருந்தே ஊரின் பெயர் பிறந்தது என்பது வைணவ மரபு. கருவறையிலே பெருமாள் பள்ளிகொண்டபடியே தம் வலக்கையை முனிவரின் சிரசின்மேல் வைத்திருக்கிறார்.

இந்த மாவட்டத்திலே கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டபொழுது அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மம்ரேயின் தோப்பிலே, வெயில் உக்கிரமான வேளையில், கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம் வழிப்போக்கர் மூவரைக் கண்டு ஓடிச்சென்று வணங்கி, கால் கழுவத் தண்ணீர் தந்து, மரத்தடியில் இருத்தி, மாப்பிசைந்து அப்பம் சுடுவித்து, இளங்கன்றைச் சமைப்பித்து, அவர்கள் உண்ணுமளவும் அருகில் நின்றிருந்தான் என்றும், வந்தவர் தேவனே என்பது பின்னரே விளங்கியது என்றும் ஆதியாகமத்திற் படித்தவர்களுக்குச் சாலிஹோத்திரரின் குடிசை தெரிந்த இடமாகவே தோன்றும். பாளையங்கோட்டையிலே பிறந்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்து மார்க்கத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி 1927இல் ஒரு நூல் எழுதினார்; இராமாநுஜருடைய தரிசனத்தோடு நம் விசுவாசத்துக்குள்ள உறவை அவர் அஞ்சாமல் பேசினார். அவர் திறந்துவிட்ட வழியிலே நடப்பவனாதலால், என் ஊர்ப்பக்கத்துப் புராணத்தை என் வேதத்தின் அருகில் வைத்துப் படிப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆயினும் இவ்விரண்டு கதைகளிலும் உபசரித்தவர்கள் குறையேதும் வைக்கவில்லை. சாலிஹோத்திரரும் ஆபிரகாமும் புண்ணியவான்கள், கதவு திறந்தே இருந்தது, அமுது ஆயத்தமாயிருந்தது. அப்படி ஆயத்தமாயில்லாதவர்களுடைய கதி யாது? வாசலில் வந்தவனை இன்னானென்று அறியாமல் திருப்பியனுப்பியவர்களும், உள்ளே அழைத்தும் மனத்தால் அழைக்காதவர்களும், உபசரிக்கத் தமக்கு யோக்கியதையே இல்லையென்று தெருவில் நிற்பவர்களும் உலகத்திலே பெரும்பாலோராயிருக்க, தெய்வத்தின் அன்பு புண்ணியவான்களின் குடிசைகளை மாத்திரம் தேடிச் செல்லுமானால் அந்த அன்பினால் நமக்கு ஆவதொன்றுமில்லை. சுவிசேஷம் பேசத் தொடங்குவது இந்த இடத்திலேதான்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திலே சீமோன் என்ற பரிசேயன் இயேசுவை விருந்துக்கு அழைக்கிறான். அழைத்தான் என்பதைத் தவிர அவன் செய்ததாகக் கூற ஒன்றுமில்லை. புழுதி வழியே நடந்துவந்த விருந்தினரின் கால்களுக்கு அவன் தண்ணீர் கொடுக்கவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலைக்கு எண்ணெய் வார்க்கவில்லை. பந்தியிலே எல்லாரும் அமர்ந்திருக்கையில், அழையாமலே உள்ளே நுழைகிறாள் அவ்வூரில் பாவியென்று பெயரெடுத்த ஒரு ஸ்திரீ. பரிமளதைலப் பரணியோடு வந்தவள், இயேசுவின் பின்னே நின்று அழுது, அந்தக் கண்ணீராலே அவர் பாதங்களை நனைத்து, தன் தலைமயிரால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். வீட்டுக்காரன் செய்யத் தவறிய உபசாரம் யாவற்றையும், அந்த வீட்டில் கால்வைக்கவே உரிமையில்லாதவள் ஒன்றுவிடாமல் செய்து முடித்துவிட்டாள். இந்தக் காட்சியின் ஆழத்தைப் பிரசங்கபீடங்களில் நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். அவள் கண்ணீரைப் பற்றி நிரம்பப் பேசுகிறோம். சீமோனுடைய காய்ந்த தண்ணீர்ச் சாடியைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

சீமோனுடைய மனத்தில் ஓடிய எண்ணத்தை அறிந்த இயேசு, ஐந்நூறு பணம் கடன்பட்டவனும் ஐம்பது பணம் கடன்பட்டவனுமாக இருவருடைய கதையைச் சொல்கிறார். கொடுத்துத் தீர்க்க வழியின்றி நின்ற இருவருக்கும் கடன் கொடுத்தவன் முழுவதையும் மன்னித்துவிட்டான். இவர்களில் எவன் அவனிடத்தில் அதிகமாய் அன்புகூருவான் என்று கேட்கிறார். அவளுடைய அன்பு மன்னிப்பை வாங்குவதற்காகக் கொடுத்த விலையென்று கருதினால் கதை தலைகீழாகிவிடும். மன்னிப்பு முந்தியது, அன்பு அதன் கனியாய்ப் பிந்தியது. சீமோனிடத்தில் உபசாரம் வற்றிப்போனதற்குக் காரணமும் இதுவே: ஐம்பது பணமாவது தனக்குக் கடனுண்டு என்பதை அவன் உணரவேயில்லை. தான் எவர் வீட்டிலும் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை, எல்லாம் தன் சொந்தமே என்று நினைப்பவனுக்குப் பிறரை வரவேற்கும் கலை வருவதேயில்லை.

பாவம் என்பது யாது என்ற கேள்விக்கு வேதசாஸ்திரிகள் பல விடை கூறியிருக்கிறார்கள். அகங்காரமென்றும், கீழ்ப்படியாமையென்றும், குறி தப்புதலென்றும் சொன்னவை யாவும் மெய்யே. ஆனால் வேதாகமத்தின் முதல் ஏடுகளைத் திறந்து பார்க்கும்பொழுது, ஆதிப் பாவம் உண்பதைப் பற்றிய ஒரு சம்பவமாகவே நடந்தேறியிருப்பது கவனத்துக்குரியது. தோட்டம் ஆதாமுடையதன்று, தேவன் நாட்டியது. அதில் மனிதனை வைத்து, சகல விருட்சங்களின் கனிகளையும் புசிக்கக் கொடுத்து, ஒன்றை மாத்திரம் தமக்கென்று வைத்துக்கொண்டார். விருந்தாளி கைநீட்டியது வீட்டுடையவர் ஒதுக்கிய அந்த ஒன்றின்மேல். உண்ணக் கிடைக்காத பசியினால் அவன் அதைச் செய்யவில்லை. வீட்டுடையவராகவே ஆகிவிடலாம் என்ற ஆசையினால் செய்தான். பின்னொரு காலத்தில், வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசத்தில் நிலம் பங்கிடப்படுமுன்பே, லேவியராகமம் அதே சத்தியத்தைச் சட்டமாக எழுதிவைத்தது: நிலத்தை அறுதியாய் விற்கலாகாது, ஏனெனில் நிலம் கர்த்தருடையது, இஸ்ரவேலர் அவரிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகளே என்பது அதன் கருத்து. எகிப்திலே தாங்கள் அந்நியராயிருந்ததை நினைத்து அந்நியரை நேசிக்கவேண்டுமென்ற கட்டளை மீண்டும் மீண்டும் வருவதும் இதனாலேதான். ஆகவே, நாம் விருந்தாளிகள் என்பதை மறந்து வீட்டுக்காரராய் நடப்பதே பாவத்தின் வேர் என்று நான் கொள்கிறேன். பொய்யும் களவும் பொறாமையும் அவ்வேரிலிருந்து தளிர்ப்பவை.

அப்படிப் பட்டத்தைத் திருடிக்கொண்ட விருந்தாளியைத் தேவன் என்ன செய்கிறார்? இங்கிலாந்திலே சாலிஸ்பரிக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் என்ற சிற்றூரின் குருவானவராயிருந்து 1633இல் காலஞ்சென்ற ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற கவிஞர், அவ்வாண்டிலேயே அச்சேறிய தம் நூலின் பாசுரங்களை முடிக்கும் கவிதையில் இதற்கு விடை கூறினார். அன்பே உருவெடுத்து ஆத்துமாவை விருந்துக்கு அழைக்கிறது. ஆத்துமா தன் அழுக்கையும் பாவத்தையும் எண்ணிப் பின்வாங்குகிறது. தகுதியுள்ள விருந்தினன் ஒருவன் இங்கே இல்லையே என்று வருந்துகிறது. அந்த விருந்தினன் நீயே என்று அன்பு சொல்கிறது. தன் கண்களைத் தானே கெடுத்துக்கொண்டேன் என்கிறது ஆத்துமா. அக்கண்களைப் படைத்தவரே அந்தப் பழியையும் சுமந்தார் என்று பதில் வருகிறது. அப்படியானால் நான் பந்தியில் பரிமாறுகிறேன் என்று ஆத்துமா கடைசியாக ஒரு வழி தேடுகிறது. அதற்கும் அன்பு இடங்கொடுக்கவில்லை. உட்கார்ந்து உண்ணவேண்டும் என்று வற்புறுத்துகிறது. பிரெஞ்சு தத்துவ ஞானி சிமோன் வேய் 1938இல் கடுந்தலைவலியின் வேதனையிலே இக்கவிதையை மனப்பாடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்ததையும், அது தம்மையறியாமலே பிரார்த்தனையாகிக் கிறிஸ்துவின் சந்நிதியைத் தமக்கு உணர்த்தியதையும் பின்னர் ஒரு குருவானவருக்கு எழுதினார். யூதக் குடும்பத்திலே பிறந்து, ஞானஸ்நானம் பெறாமல் சபையின் வாசலிலேயே நின்றுவிட்ட அந்தப் பெண்மணிக்குக் கிறிஸ்து வந்து சேர்ந்தது ஒரு விருந்துக் கவிதையின் வழியாக.

பரிமாறுகிறேன் என்ற அந்தக் கடைசி ஒதுங்கல் நம் எல்லாருக்கும் பழக்கமானது. உபகாரம் செய்பவராயிருப்பது நமக்கு இனிக்கிறது. பெறுபவராய் உட்காருவது கசக்கிறது. கொடுக்கும்பொழுது நாம் வீட்டுக்காரர் என்ற பாவனை காப்பாற்றப்படுகிறது. கிறிஸ்மஸ் நாளில் போர்வை வழங்குவதிலும், படம் எடுத்துக்கொண்டு அரிசிப்பை கொடுப்பதிலும் அந்தப் பாவனை எவ்வளவு நுட்பமாய் நுழைந்துவிடுகிறது என்பதைச் சபைகளில் ஊழியம் செய்தவர்கள் அறிவார்கள். திருவிருந்திலே, பேராயரும் தோட்டியும் ஒரே முழங்காற்படியில் கையேந்துவது இந்தப் பாவனையை உடைப்பதற்காக ஏற்பட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பாவியைக் கேள்விமுறையின்றிப் பந்தியில் அமர்த்தும் அன்பு பாவத்தை அலட்சியம் செய்வதாகாதோ? சகேயுவின் சரித்திரம் இதற்கு விடை. எரிகோவின் ஆயக்காரர் தலைவனான அவனை நோக்கி, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு தாமாகவே சொன்னார். மனந்திரும்பினால் வருவேன் என்று நிபந்தனை விதிக்கவில்லை. அவர் உள்ளே வந்தபின்பு சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்திகளிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் அறிவித்தான். அன்பு முந்திற்று, கணக்கும் தப்பவில்லை. தேவனை வீட்டில் வைத்துக்கொண்டு கணக்குப் புஸ்தகத்தை மூடிவைத்திருக்க முடியாது என்பதை அந்த ஆயக்காரன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் கண்டுகொண்டான். சபையாகிய நமக்கோ நூற்றாண்டுகள் போதவில்லை.

இதைச் சொல்லத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பொன்னேரிக்கு வடகிழக்கே, பழவேற்காடு இருக்கிறது. அங்கே டச்சுக்காரர் 1613இல் ஜெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வர்த்தகத்தின் தலைமைப்பீடமாக்கினார்கள். இன்று கோட்டை புதராகிவிட்டது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் மாத்திரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் மஸ்லினையும் சாயத்துணியையும் பற்றிக் கேட்டுப்போகிறார்கள். அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய இன்னொரு சரக்கு மனிதர். 1618 முதல் 1620 வரை மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடியபின், பசிக்கு ஆற்றாமல் தங்களையும் தங்கள் மக்களையும் விற்ற ஜனங்களை டச்சுக் கம்பெனியார் வாங்கினார்கள். 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாத்திரம் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 அடிமைகள் ஏற்றுமதியானார்கள் என்றும், கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று உத்தியோகஸ்தர்கள் சொன்னார்கள் என்றும் சரித்திர ஆசிரியர்கள் அக்கம்பெனியின் கடிதங்களைக் கொண்டே எழுதியிருக்கிறார்கள்.

அதே காலத்தில், 1618 நவம்பர் முதல் 1619 மே வரை, ஹாலந்து தேசத்து டார்ட்ரெக்ட் நகரிலே சீர்திருத்த சபைகளின் மகாசங்கம் கூடி, மனித சுபாவம் பாவத்தினால் எவ்வளவு கெட்டுப்போயிற்று என்பதையும், தேவகிருபை எவ்வளவு இலவசமானது என்பதையும் குறித்து மாதக்கணக்கில் வாதித்தது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து அச்சங்கத்துக்கு ஒரு கேள்வியும் போய்ச் சேர்ந்திருந்தது: கிறிஸ்தவர் வீடுகளில் அடிமைகளாய்ச் சேர்க்கப்படும் அஞ்ஞானிகளுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? கொடுக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே அடிமைகளாயிருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தச் சபையின் தீர்ப்புகளில் இடம்பெறவில்லை. பாவத்தைப் பற்றி அவ்வளவு ஆழமாக எழுதியவர்கள் கண்முன் இருந்த பாவத்தைக் காணாமற்போனது அறிவின் குறைவினாலன்று. பஞ்சத்தில் அடிபட்டவன் வாசலில் வந்தபொழுது, தேவன் அவனை விருந்தாளியாய் அனுப்பினார்; கம்பெனி அவனைச் சரக்காய்ப் பதிவு செய்தது. நம் மாவட்டத்துக் கடற்கரையிலே, கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்களால் இது நடந்தது. பழவேற்காட்டுக்குச் சபைப் பிள்ளைகளை உல்லாசப் பயணமாய் அழைத்துச்செல்லும் போதகர்கள், ஏரியையும் பறவைகளையும் காட்டியபின், இதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

டச்சுக்காரரைக் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் சொந்தப் பாவம் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வித்தியாசம் உடனே ஒழியவேண்டுமென்று நிருபம் அனுப்பியபொழுது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் கலகம் மூண்டது. அநேகர் தங்கள் பந்தியையும் திருவிருந்துப் பாத்திரத்தையும் பிறரோடு பகிர்வதைவிடச் சபையைவிட்டுப் போவதே மேல் என்று போனார்கள். மகாகவியென்று நாம் போற்றும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அந்தக் கட்டளையை எதிர்த்து நின்றார் என்பது நமக்கு வேதனை தரும் உண்மை. 1847இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் தங்கள் சபை ஊழியர் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து உண்ணும் ஒரு விருந்தையே சோதனையாக வைத்தபொழுது, உபதேசிமார் பலர் உண்ண மறுத்து வேலையை இழந்தார்கள். வேதத்தைப் போதித்தவர்களுக்கு வேதம் தெரியாமலில்லை. சோற்றுக்கவளம் மாத்திரம் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டங்களில் நடுச்சுவர் எழுப்பியும், திருவிழாத் தேரை ஒரு தெருவுக்கு விலக்கியும் வைத்திருக்கிற இடங்கள் நம் நாட்டில் இல்லாமற்போகவில்லை.

இவ்வளவும் சொல்லிவந்தது கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேருவதற்காகவே. சென்னையிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை முடிகிற அந்த ஊரிலே, சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் புகைந்துகொண்டிருக்க, அவற்றுக்கு வெகு தூரமில்லாமலே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது; தமிழ்நாட்டின் பெரிய முகாம்களுள் அதுவும் ஒன்று. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப்பின் அலையலையாய்க் கடல் கடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர், அவர்களுடைய மக்கள், இப்பொழுது பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருக்கிறார்கள். சுவருக்கு வர்ணமடிக்கவும் கட்டட வேலைக்கும் ஆலைகளில் கூலிக்கும் போய் வருகிறார்கள். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இவ்வாறிருந்தார்கள் என்பது 2021இல் அரசு தந்த கணக்கு. அவ்வாண்டிலே தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாமென்ற பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமென்று அழைக்கச் செய்து, குடும்பத் தலைவருக்குரிய மாத உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தி, பழுதடைந்த வீடுகளுக்குப் பதிலாய் 7,469 புதிய வீடுகளைக் கட்டவும் திட்டமிட்டது. அது நன்றியோடு சொல்லத்தக்க காரியம்.

ஆனால் விருந்தாளியை நாற்பது வருஷம் திண்ணையிலேயே உட்காரவைத்திருப்பதை உபசாரமென்று நம் முன்னோர் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். முகாமிலே பிறந்த பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டுப் பாடத்தில் தேறி, இந்நாட்டைத் தவிர வேறு நாட்டைக் கண்ணால் காணாதிருந்தும், 1987 ஜூலை முதல் தேதிக்குப்பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடியாயிருக்கவேண்டுமென்ற விதியினாலே, பிறந்த மண்ணில் அந்நியனாயிருக்கிறது. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் பிறரையும் ஏற்றுக்கொள்ள வழி செய்தது, இலங்கையைச் சொல்லவில்லை. நம் சபைகள் இந்தச் சட்டத்தில் கிறிஸ்தவர் என்ற பெயரைக் கண்டு ஆறுதலடைந்தனவேயன்றி, முகாமிலிருக்கிற சைவனுக்காகவும் கத்தோலிக்கனுக்காகவும் போதிய குரல் எழுப்பவில்லை என்பது என் குறை. குரல் எழுப்பியவர்கள் இல்லாமலுமில்லை. ஈழத்துத் தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவரான செல்வநாயகத்தின் குமாரர் சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளையே ஊழியராய்க் கொண்டு அகதிகளுக்குப் பணிசெய்தது. 1980இல் இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே நிறுவிய அகதிகள் பணிக்குழுவினர் இம்முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்குத் துணைநின்றிருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இது கடல் கடந்து வரவில்லை, ரயிலில் வந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து, உருக்காலையின் அனலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, லைன் வீட்டில் ஒரு ஷிப்டுக்காரன் எழுந்துபோன பாயிலே மறு ஷிப்டுக்காரன் படுத்துறங்கும் இளைஞர்களை நாம் இரண்டு வார்த்தையில், அதுவும் ஏளனமான வார்த்தையில், குறிப்பிடுவதற்குப் பழகிவிட்டோம். 2020 மார்ச்சு 25இல் ஊரடங்கு வந்தபின், வேலையும் சோறும் இழந்து, ஜி.என்.டி. சாலையில் மூட்டையோடு வடக்கு நோக்கி நடந்தவர்கள் இவர்களே. அந்நாட்களில் சாலையோரம் நின்று சோற்றுப் பொட்டலமும் மோரும் கொடுத்தவர்களை நான் அறிவேன். கோயில்காரரும் பள்ளிவாசல்காரரும் சபையாரும் அதில் கலந்திருந்தார்கள். ஆபத்துக் காலத்தில் நம் ஜனங்களின் இருதயம் திறக்கிறது. ஆபத்து நீங்கியபின், வாடகைக்கு அறை கேட்டு வருகிறவனிடத்தில் அது மூடிக்கொள்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலோ நிலைமை இன்னும் கொடியது: ஒடிசாவின் மேற்குப் பகுதியிலிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டவர்கள், கடன் தீரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சூளையை விட்டு வெளியேற விடப்படாமல் வைக்கப்பட்டிருந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகளைக் கடந்த சில ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. பஞ்சத்தில் மனிதரை வாங்கிய பழவேற்காட்டுக்கும் முன்பணத்தில் மனிதரைக் கட்டிவைத்த சூளைக்கும் இடையே பாவத்தின் வடிவத்தில் நான் வித்தியாசம் காணவில்லை.

இந்தத் தொழிலாளரிற் பலர் கிறிஸ்தவர் என்பதைச் சபையார் பெரும்பாலும் அறியார். சோட்டாநாகபுரியிலே, 1845இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிமாராலும், 1885 முதல் அங்கே உழைத்த லீவென்ஸ் குருவானவராலும் விசுவாசத்துக்கு வந்த முண்டா, ஒராவோன், கரியா மக்களின் சந்ததியார் இவர்களிடையே உண்டு. 2008ஆம் ஆண்டின் கந்தமால் கலவரத்தில் ஆலயமும் வீடும் எரிய ஊரைவிட்டு வெளியேறிய சமூகத்தாரும் உண்டு. ஆனால் அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதனால் மாத்திரம் அவர்களுக்குக் கதவு திறக்குமானால், நாம் இன்னும் சீமோனுடைய வீட்டிலேயே இருக்கிறோம். எம்மாவு கிராமத்துக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்கள் அந்நியன் ஒருவனைப் பொழுது சாய்ந்ததென்று வற்புறுத்தித் தங்கவைத்தபொழுது, அவன் எந்த மார்க்கத்தான் என்று விசாரிக்கவில்லை. பந்தியில் அமர்ந்ததும் விருந்தாளியே அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டார், அப்பொழுது அந்த வீட்டில் உண்மையிலே விருந்தளிப்பவர் யாரென்று அவர்களுக்கு விளங்கிற்று.

பெரும்பான்மையோர் சொல்லும் தடையை நான் அறியாமலில்லை. ஊரிலே வேலை நமக்கே போதவில்லை, கூலி குறைகிறது, தெரியாத மனிதரை எப்படி நம்புவது என்கிறார்கள். கூலி குறைவதற்குக் காரணம் வந்தவனுடைய பசியன்று, அந்தப் பசியைப் பேரம்பேசி வாங்குபவனுடைய லாபம். வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் சட்டப்படியான ஒரே கூலி கிடைக்குமானால் அந்தச் சண்டைக்கு அடிப்படையே இராது. அச்சத்தைப் பொறுத்தவரையில், தெரியாதவன் தெரிந்தவனாவதற்கு ஒரே பந்தியில் உட்காருவதைவிடச் சுருக்கமான வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மீஞ்சூர் முதல் ஆரம்பாக்கம் வரை ஜி.என்.டி. சாலைக்கும் ரயில்பாதைக்கும் அருகிலுள்ள சபைகளின் போதகர்களுக்கும் பங்குக் குருக்களுக்கும் மூப்பர்களுக்கும் நான் வைக்கும் விண்ணப்பம் இது. ஞாயிறு மாலைகளில் பூட்டிக்கிடக்கும் ஆலயத்தைச் சிப்காட் தொழிலாளர் தங்கள் மொழியில் ஆராதிக்கத் திறந்து கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது அவர்களும் முகாமின் குடும்பங்களும் உங்கள் சபையாரும் ஒரே பாயில் உட்கார்ந்து உண்ணட்டும். அவர்கள் சமைத்ததையும் நீங்கள் உண்ணுங்கள். முகாமிலே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்கும் மனுவிலே உங்கள் சபையின் முத்திரையும் விழட்டும். சபையிலே சூளைக்காரரும் காண்ட்ராக்டரும் இருந்தால், திருவிருந்துக்கு வருமுன் கூலிக்கணக்கைத் திறந்து பார்க்கும்படி அவர்களிடம் அன்போடும் தைரியத்தோடும் சொல்லுங்கள். இதற்குச் சங்கத்தின் தீர்மானமோ பேராயத்தின் சுற்றறிக்கையோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.